குளத்துச் சாலையின் நான்கு குதிரைகள்

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, வெர்மான்ட் மாநிலம் லோயர் டன்மோர் ஊர்க் கூடத்தில் நடந்த குளிர்காலப் பாதைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தோர், செயலர் தம் கைப்பட எழுதியபடி, பின்வருமாறு: அவையை நடத்துபவர், ஓரின் ஸ்டெபின்ஸ். செயலர், லுர்லீன் குட்னோ. சங்கத்தின் நடப்புத் தலைவர், ஹார்லன் டூஃப். அந்தப் பதவிக்கு ஐந்தாம் முறையாகப் போட்டியிடுபவர், வெர்னா கட்டிங். மேட்டுத் தெருவின் தேர்வாளர் ஐவர். ஆலைச் சாலையின் தேர்வாளர் அறுவர். குளத்துச் சாலையின் தேர்வாளர் நால்வர், அதாவது ஆல்வா பெல்க்நாப், ஆல்வா பெல்க்நாப், ஆல்வா பெல்க்நாப், ஆல்வா பெல்க்நாப். இவர்கள் நீங்கலாகப் பொதுமக்கள் இருநூற்றுப் பதினேழு பேர்.

குறிப்பேட்டில் பிழை ஏதுமில்லை. லுர்லீன் குட்னோ முப்பத்தொரு ஆண்டுகளாகச் செயலராக இருப்பவர். பிழை செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை.

இச்சங்கம் 1874இல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் பனியை அள்ளி அகற்றும் வழக்கம் இல்லை; பெரிய மர உருளையைக் குதிரைகள் பூட்டி இழுத்துப் பாதையில் பனியை அழுத்தி இறுக்குவார்கள், அதன்மேல் சறுக்குவண்டி ஓடும். உருளையை இழுக்கக் குதிரை கொடுத்த சாலைக்கே சங்கத்தில் வாய் திறக்க உரிமை என்றும், ஒரு குதிரைக்கு ஒரு தேர்வாளர் என்றும், தேர்வாளர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றும் முன்னோர் விதி செய்தனர். மேட்டுத் தெரு ஐந்து குதிரைகள் கொடுத்தது. ஆலைச் சாலை ஆறு கொடுத்தது. குளத்துச் சாலையில் அப்போது மரம் வெட்டும் முகாம் ஒன்று இருந்தபடியால், அது கர்னல், டாலி, பிரின்ஸ், பெஸ் என்னும் நான்கைக் கொடுத்தது.

பின்னர் இயந்திர வண்டி வந்தது. குதிரைகள் இறந்து நூறாண்டு ஆகின்றன. அவற்றின் உரிமைகள் மட்டும் இன்றளவும் நல்ல உடல்நலத்துடன் இருக்கின்றன.

குளத்துச் சாலையில் முகாம் போயிற்று. பின் வீடுகள் போயின. கடைசியில் ஆல்வா பெல்க்நாப் என்னும் எழுபத்து நான்கு வயது மனிதரும், அவருடைய வீடும், ஒரு தானியக் கொட்டகையும் எஞ்சின. நான்கு தேர்வாளர் வேண்டுமே என்று ஊர் கவலைப்பட்டபோது, வழக்கறிஞர் ஒருவர் விதியை இருமுறை படித்துவிட்டு, "நாலு தேர்வாளர்னுதான் போட்டிருக்கு. நாலு மனுஷன்னு போடலை" என்றார். அன்று முதல் ஆல்வாவுக்கு நான்கு நாற்காலிகள்.

கணக்கு எளியது. மொத்தம் பதினைந்து தேர்வாளர். நூற்றுத் தொண்ணூறு வாக்காளர் வாழும் மேட்டுத் தெரு எப்போதும் வெர்னா பக்கம். அறுபது வாக்காளர் வாழும் ஆலைச் சாலை எப்போதும் ஹார்லன் பக்கம். ஐந்தும் நான்கும் ஒன்பது. ஆறும் நான்கும் பத்து. ஆகவே இருநூற்று ஐம்பத்தொரு பேர் உள்ள ஊரில் தலைவர் யார் என்பதை ஆல்வா தீர்மானித்தார். ஒரு சாலையின் குதிரைகள் ஒரே திசையில்தான் இழுக்க வேண்டும் என்பது ஏழாம் விதியாதலால், இருவருக்கும் இரண்டிரண்டு என்று பகிர்ந்து கொடுக்கவும் வழியில்லை.

தலைவருக்கு ஒரே ஓர் அதிகாரம் உண்டு. பனி பெய்த காலையில், பனி அள்ளும் வண்டி எந்தச் சாலைக்கு முதலில் போக வேண்டும் என்று அவர் சொல்லலாம். எந்தத் தலைவர் வந்தாலும் அது முதலில் குளத்துச் சாலைக்கே போயிற்று. பள்ளிக்கூடமும் மருத்துவர் வீடும் மேட்டுத் தெருவில் பனிக்கடியில் கிடக்க, வண்டி மூன்று மைல் தொலைவு ஒற்றை வீட்டை நோக்கிப் பயபக்தியுடன் சென்று, வாசலில் திரும்பி, ஆல்வாவுக்குக் கையசைத்துவிட்டு வரும்.

ஆல்வா எங்கும் போகிறவர் அல்லர். பாதையால் அவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அந்தப் பாதையில் வருகிறவர்கள்தாம் அவருக்கு வேண்டும். பிப்ரவரி பிறந்துவிட்டால் வெர்னா புதன்கிழமைகளில் ஆப்பிள் கேக்குடன் வருவார். ஹார்லன் வெள்ளிக்கிழமைகளில் மேப்பிள் கேக்குடன் வருவார். இருவரும் விறகு பிளந்து கொடுப்பார்கள், சீட்டாடுவார்கள். வெர்னா பள்ளி ஆசிரியை. ஆட்டம் என்றால் ஆட்டம் என்று மூன்று கை தொடர்ந்து ஜெயித்துவிடுவார். ஹார்லன் மூன்றிலும் தோற்பார். நான்கு ஆண்டுகளாக ஹார்லன் தலைவராக இருப்பதற்கு இதைவிட ஆழ்ந்த அரசியல் காரணம் எதுவும் தேட வேண்டியதில்லை.

மார்ச் மாதத்து முதல் செவ்வாய் கழிந்ததும் குளத்துச் சாலையில் தபால்காரரைத் தவிர யாரும் வருவதில்லை.

இந்த ஆண்டுக் கூட்டத்தில் வெர்னா ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார் என்றும், தேர்வாளர் முறையை ஒழித்து மக்களே நேராக வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கோருகிறார் என்றும் ஆல்வா நாளிதழில் படித்திருந்தார். இரண்டு இரவு அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கோரிக்கை நியாயமானது என்பது அவருக்குத் தெரியும். பிப்ரவரி போய்விடும் என்பதும் தெரியும்.

லுர்லீன் வருகைப் பதிவை எடுத்தார்.

"கர்னல்?"

"இருக்கேன்," என்றார் ஆல்வா, முதல் நாற்காலியிலிருந்து.

"டாலி?"

ஆல்வா எழுந்து இரண்டாம் நாற்காலியில் அமர்ந்தார். "இருக்கேன்."

"பிரின்ஸ்?"

"இருக்கேன்."

"பெஸ்?"

"இருக்கேன். முழங்கால்தான் இல்லை."

நான்காம் நாற்காலியின் அருகே ஒரு சிறு மேசை. அதன்மேல் காலையிலேயே ஓர் ஆப்பிள் கேக்கும் ஒரு மேப்பிள் கேக்கும் வந்து அமர்ந்திருந்தன.

வெர்னா எழுந்து தீர்மானத்தைப் படித்தார். நான்கு ஆண்டுகளாக ஊரில் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு பேர் தம் பக்கம் இருந்ததையும், நான்கு முறையும் தாம் தோற்றதையும் அமைதியாக எடுத்துரைத்தார். "செத்துப்போன நாலு குதிரைக்கு இருக்கிற மதிப்பு உயிரோட இருக்கிற நூத்தித் தொண்ணூறு பேருக்கு இல்லை. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது," என்று முடித்தார்.

ஹார்லன் எழுந்தார். "குதிரையைக் கேலி பண்றது சுலபம். ஆனா தலையை எண்ணி முடிவு பண்ண ஆரம்பிச்சா, தலை கம்மியா இருக்கிற சாலையை யாரு திரும்பிப் பார்ப்பா? குளத்துச் சாலைக்கு யாரு போவா? நாட்டுத் தலைவரையே தேர்வாளருங்கதானே தேர்ந்தெடுக்கிறாங்க. நாட்டுக்கு நல்லதா இருக்கிற முறை நம்ம ரோட்டுக்கு மட்டும் ஆகாதா?"

"நாட்டுக்கு நல்லதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார் வெர்னா.

"தேர்ந்தெடுக்கப்பட்டவங்க எல்லாருமே சொல்லியிருக்காங்க."

ஆல்வா முன்னால் பார்த்தபடி இருந்தார். குளத்துச் சாலையின் நலன், குளத்துச் சாலையின் குரல், குளத்துச் சாலையின் கண்ணியம் என்று இருவரும் மாறி மாறிப் பேசியதில் அவருக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. யாரோ பெரிய மனிதரைப் பற்றிப் பேசுகிறார்கள் போலும் என்றிருந்தது.

பின்வரிசையில் ஒருவர், போன ஆண்டு தலைநகரிலிருந்து வந்த பங்கேற்பு ஆலோசகரை மறுபடி அழைக்கலாமே என்றார். அந்த ஆலோசகர் அனைவருக்கும் வண்ணப் பொட்டுகள் கொடுத்து, மனத்தில் தோன்றுவதைச் சுவரில் ஒட்டச் சொல்லி, மாலையில் சுவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஊரின் கூட்டு உணர்வு மஞ்சளாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்துச் சென்றவர். சுவரில் பசை இன்னும் போகவில்லை. யோசனை கைவிடப்பட்டது.

ஓரின் ஸ்டெபின்ஸ் மேசையைச் சுத்தியால் தட்டினார். சட்டத்தின்மேல் அளவற்ற மரியாதை உடையவர் அவர். அதனாலேயே அவர் நடத்தும் கூட்டங்கள் நீளும். "தீர்மானம் இதுதான். தலைவரைத் தேர்வாளர் தேர்ந்தெடுக்கணுமா, மக்கள் நேரா தேர்ந்தெடுக்கணுமா? சரி. இதை யாரு முடிவு பண்றது?"

"மக்கள்," என்றார் வெர்னா.

"தேர்வாளர்," என்றார் ஹார்லன்.

"அப்ப அதுல கருத்து வேற்றுமை இருக்கு. இதை யாரு முடிவு பண்ணணும்னு யாரு முடிவு பண்றது?"

"மக்கள்."

"தேர்வாளர்."

ஓரின் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "அதுலயும் வேற்றுமை இருக்கு. முறைப்படி போவோம். இதை யாரு முடிவு பண்ணணும்னு யாரு முடிவு பண்ணணும்ங்கிறதை..."

"ஓரின்," என்றார் லுர்லீன், எழுதுகோலைக் கீழே வைத்து. "எனக்குக் கை ஒண்ணுதான் இருக்கு."

முறைப்படியே போனார்கள். பதினொன்றரை மணிக்கு ஆறாம் படியில் நின்றுகொண்டிருந்தபோது, சமையற்கட்டிலிருந்து பீன்ஸும் பன்றி இறைச்சியும் வெந்த மணம் கூடத்துக்குள் வந்தது. யாரோ சாப்பாட்டு மணியையும் அடித்துவிட்டார்கள்.

"தேர்வாளருங்ககிட்டயே விட்டுடுங்கப்பா, சோறு ஆறுது," என்றது மேட்டுத் தெருவிலிருந்து ஒரு குரல். இருநூற்றுப் பதினேழு கைகள் உயர்ந்தன. மக்களுடைய நேரடி வாக்கினால் இச்சங்கத்தில் ஒருமனதாக நிறைவேறிய முதல் முடிவு இதுவே.

சாப்பாடு ஆனதும் மக்கள் வழக்கம்போல் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒன்றரை நூற்றாண்டாக அப்படித்தான். காலையில் வந்து பேசுவார்கள், நண்பகலில் சாப்பிடுவார்கள், பிறகு போய்விடுவார்கள். மற்றதைத் தேர்வாளர் பார்த்துக்கொள்வார்கள். அன்று போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரவெல்லாம் உறைந்து, காலையில் வெயில் அடித்திருந்தது. மேப்பிள் மரங்களில் சாறு இறங்கும் நாள் அது. மேட்டுத் தெருக்காரர் எல்லாருக்கும் மலைச்சரிவில் மேப்பிள் தோப்பு உண்டு. இறங்கிய சாற்றை அன்றே பாகாகக் காய்ச்ச வேண்டும். ஆலைச் சாலையில் தோப்பு இல்லை. அங்குள்ளவர்களில் பாதிப் பேர் அடுப்பருகே உட்கார்ந்து இரண்டாம் முறை காப்பி ஊற்றிக்கொண்டார்கள்.

மேட்டுத் தெருவின் தேர்வாளர் ஐவரும் மாற்றலாம் என்றனர். ஆலைச் சாலையின் அறுவரும் மாற்றக்கூடாது என்றனர். எஞ்சியது குளத்துச் சாலை.

"ஒன்பதாம் விதி," என்றார் ஓரின். "ஒரு சாலையோட தேர்வாளருங்க வெளியாள் தலையீடு இல்லாம பத்து நிமிஷம் தங்களுக்குள்ள கலந்து பேசணும். ஆல்வா, நாலு பேரும் கோட்டு அறைக்குப் போங்க."

ஆல்வா நால்வராகக் கோட்டு அறைக்குப் போய், ஈரக் கம்பளி வாடையடிக்கும் இருநூறு கோட்டுகளில் முக்கால்வாசி போய்விட, காலியான கொக்கிகளுக்கு நடுவே, ஒரு பெஞ்சில் அமர்ந்தார். கலந்து பேச அதிகம் இல்லை.

வெர்னா உள்ளே வந்தார். "கையுறையை விட்டுட்டுப் போயிட்டேன்."

பின்னாலேயே ஹார்லன் வந்தார். "என்னோடதையும் காணோம்."

இருவருக்கும் கையில் கையுறை இருந்தது.

"உட்காருங்க," என்றார் ஆல்வா.

"ஆல்வா, நான் ஒண்ணும் கேட்க வரலை," என்றார் வெர்னா. "உங்களுக்கே நியாயம் தெரியும். முறை மாறினாலும் நான் வருவேன். புதன்கிழமை புதன்கிழமை வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எந்தப் புதன்?"

"எந்தப் புதன்னா?"

"பிப்ரவரில நாலு புதன் இருக்கும்மா. வருஷத்துல அம்பத்திரண்டு இருக்கு."

ஹார்லன் சிரித்தார். "டீச்சரம்மாவுக்கே கணக்குப் பாடமா? இங்க பாரு ஆல்வா, வண்டி முதல்ல உன் வாசலுக்கு வருது. அதை மட்டும் நினைச்சுக்கோ."

"ஹார்லன், போன ஆகஸ்டுல எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?"

ஹார்லன் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா ஹார்லனைப் பார்த்தார்.

"கொட்டகை ஏணியிலேருந்து விழுந்தேன். ஆறு நாள் காலைத் தூக்கிப் பெஞ்சு மேல வச்சுக்கிட்டு, ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் தின்னுக்கிட்டுக் கிடந்தேன். ஏழாவது நாள் தபால்காரன் பார்த்தான்."

"அடக் கடவுளே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே," என்றார் வெர்னா.

"சொல்லலாம்தான். கேட்க யாராவது வந்திருந்தா."

ஹார்லன் தம் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் தப்பா நினைக்க வேண்டாம்," என்றார் ஆல்வா. "கேக் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க கேக் கொண்டுவர்றது கர்னலுக்கும் டாலிக்கும்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது. நாலு குதிரையும் இல்லாம நான் மட்டும் இருந்தா யாரு வர்றாங்கன்னு ஒரு தடவை பார்த்துடலாம். போங்க. வெளியாள் தலையீடு இருக்கக்கூடாது."

ஆல்வா கூடத்துக்குத் திரும்பி, முதல் நாற்காலியில் அமர்ந்து, "மாற்றலாம்" என்றார். எழுந்து இரண்டாவதில் அமர்ந்து, "மாற்றலாம்" என்றார். மூன்றாவதிலும் நான்காவதிலும் அவ்வாறே. ஒன்பதுக்கு ஆறு. தேர்வாளர் முறை, தேர்வாளருடைய வாக்கினாலேயே, பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு ஒழிக்கப்பட்டது.

கைதட்டல் ஓய்வதற்கு முன்பே லுர்லீன் வந்து நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார். "மன்னிச்சுக்குங்க ஆல்வா. கர்னலும் டாலியும் பிரின்சும் இனிமே கிடையாது."

"யாரை விட்டு வைக்கிறீங்க?"

"பெஸ்ஸை. அதுலதான் மெத்தை இருக்கு."

மேசைமேல் இருந்த இரண்டு கேக்குகளும் எப்போது எழுந்து போயின என்று ஆல்வா கவனிக்கவில்லை. பார்த்தபோது அவை கூடத்தின் நடுவே பொதுமக்கள் மேசையில், ஒரு கத்தியுடன் இருந்தன. வெர்னா மேட்டுத் தெருக்காரரோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். ஹார்லன் ஆலைச் சாலைக்காரர் தோளில் தட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆல்வா நினைத்ததைவிட விரைவாகவே விடை கிடைத்துவிட்டது.

"புது முறைப்படி உடனே தேர்தல்," என்றார் ஓரின். "வெர்னாவுக்குப் போடறவங்க ஜன்னல் பக்கம் நில்லுங்க. ஹார்லனுக்குப் போடறவங்க அடுப்புப் பக்கம். லுர்லீன் தலையை எண்ணுவாங்க; அவங்களுக்கும் எனக்கும் ஓட்டு இல்லை. யார் இருக்காங்களோ அவங்கதான் மக்கள்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். லுர்லீன் ஜன்னல் பக்கம் எண்ணினார். அடுப்புப் பக்கம் எண்ணினார். மறுபடி ஜன்னல் பக்கம் வந்தார்.

"ஜன்னல் முப்பத்து நாலு. அடுப்பு முப்பத்து நாலு."

"இருக்க முடியாது," என்றார் வெர்னா. "மேட்டுத் தெரு நூத்தித் தொண்ணூறு பேரு. நம்மாளுங்க எங்க?"

ஜன்னலுக்கு வெளியே, மலைச்சரிவில், காய்ச்சும் கொட்டகை ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளைவெளேரென்று ஆவி எழுந்துகொண்டிருந்தது. வெர்னா கைப்பேசியை எடுத்தார். பதினொரு பேரை அழைத்தார். பத்துப் பேர் எடுக்கவில்லை. பதினோராவது எடுத்தவர் அவருடைய சொந்தத் தம்பி. பின்னணியில் சாறு கொதிக்கும் ஓசை கூடம் முழுவதும் கேட்டது.

"ஓட்டா? அதுக்குத்தான் தேர்வாளருங்க இருக்காங்களேக்கா."

"அந்தத் தேர்வாளருங்களைத்தான்டா இப்ப ஒழிச்சிருக்கோம். இனிமே மக்களே போடணும்."

"அப்படியா? ஜெயிச்சுட்டியா? ரொம்ப சந்தோஷம். நாளைக்கு வந்து பேசறேன், பாகு அடிபிடிச்சுடும்," என்று தம்பி வைத்துவிட்டார்.

லுர்லீன் மூன்றாம் முறை எண்ணினார். முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு. பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூடத்தின் நடுவே பார்த்தார். ஜன்னலுக்கும் போகாமல், அடுப்புக்கும் போகாமல், மெத்தை வைத்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

லுர்லீன் பார்த்ததை ஓரின் பார்த்தார். ஓரின் பார்த்ததை அறுபத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள்.

"ஆல்வா," என்றார் ஹார்லன், மிகவும் மென்மையாக. "அந்த முழங்கால் எப்படிப்பா இருக்கு?"

"குளிர் அடிக்குதா ஆல்வா? கோட்டு எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் வெர்னா.

பொதுமக்கள் மேசையிலிருந்த ஆப்பிள் கேக் திரும்பி வந்தது. மேப்பிள் கேக் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஒன்றிலும் கத்தி படவில்லை. வண்டி முதலில் குளத்துச் சாலைக்குத்தான் வரும் என்று அடுப்புப் பக்கமிருந்து ஓர் உறுதி கிடைத்தது. வண்டியும் வரும், ஏணியும் பழுது பார்த்துத் தரப்படும் என்று ஜன்னல் பக்கமிருந்து மறுமொழி கிடைத்தது. மடக்கி வைத்த நாற்காலி ஒன்றை விரித்து யாரோ ஆல்வாவின் காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள், அது டாலியுடையது.

"வெளியாள் தலையீடு வேண்டாம்," என்றார் ஓரின். "அவர் பாட்டுக்கு யோசிக்கட்டும். ஆனா விதியை நான் படிச்சுக் காட்டணும். பதினாலாம் விதி. இதுவரைக்கும் இதுக்குத் தேவை வந்ததில்லை." புத்தகத்தின் ஒட்டிக்கொண்டிருந்த இரு தாள்களை அவர் நகத்தால் பிரித்தார். "வாக்குகள் சரிசமமாக நின்றுவிட்டால், அடுத்த மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை சங்கம் மீண்டும் கூடி மறு தேர்தல் நடத்த வேண்டும். முடிவு கிட்டும்வரை மாதந்தோறும் இவ்வாறே செய்யப்படும்."

"அதெல்லாம் தேவைப்படாது," என்றார் ஹார்லன் அவசரமாக. "ஆல்வா இப்பவே எழுந்துக்குவான்."

"அடுத்த மாசம் எங்க ஆளுங்க எல்லாரும் வந்துடுவாங்க," என்றார் வெர்னா. ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆல்வாவுக்கு அந்த ஊர் எழுபத்து நான்கு ஆண்டுகளாகத் தெரியும். ஏப்ரலில் பாதையெல்லாம் சேறு. யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். மேயில் உழவு. ஜூனிலும் ஜூலையிலும் புல் அறுப்பு. செப்டம்பரில் கண்காட்சி, அக்டோபரில் ஆப்பிள், நவம்பரில் மான் வேட்டை. மக்களாட்சிக்கென்று ஒதுக்க இந்த ஊருக்கு ஒரு செவ்வாய்க்கிழமைகூட இல்லை. அடுப்பருகே உட்கார்ந்து காப்பி குடிக்கும் முப்பத்து நாலு பேர் எல்லா மாதமும் வருவார்கள். ஜன்னல் பக்கம் நின்ற முப்பத்து நாலு பேரும் வருவார்கள். கணக்கு மாதாமாதம் சரிசமமாகவே நிற்கும்.

"ஓரின்," என்றார் ஆல்வா. "மாதந்தோறும்னா, ஆகஸ்டும் உண்டா?"

ஓரின் எதையும் ஊகமாகச் சொல்பவர் அல்லர். விதியை மறுபடி ஒருமுறை விரல் வைத்துப் படித்தார். "ஆகஸ்டும் மாதம்தான்," என்றார்.

ஆல்வா தலையை ஆட்டினார். டாலியின் மேலிருந்து காலை இறக்கினார். எழுந்தார். ஜன்னல் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டது. அடுப்புப் பக்கமும் அடக்கிக்கொண்டது. அவர் ஜன்னல் பக்கம் போகவில்லை. அடுப்புப் பக்கமும் போகவில்லை. வெர்னா கொண்டுவந்து வைத்திருந்த கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். வலக் கையில் ஆப்பிள் கேக்கை எடுத்தார். இடக் கையில் மேப்பிள் கேக்கை எடுத்தார். கூடத்தின் இரட்டைக் கதவை நோக்கி, நொண்டாமல் நடந்தார்.

கதவைத் திறக்க அவருக்குக் கை காலியில்லை என்பதைக் கண்டு, ஒரு கதவுக்கு வெர்னாவும் மறு கதவுக்கு ஹார்லனும் ஓடிப்போய், ஆளுக்கொன்றாக அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆல்வா பெல்க்நாப் இருவருக்கும் நடுவே வெளியே போனார்.